நான் எண்ணாத சைக்கிள்கள்

இந்தச் சாலைத் திறப்பு விழாவின் தலைவர், சாலைக் குழுவின் பெரியவர் ராமப்பன் அவர்களே, மாலை வாங்கிய களைப்போடு மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, கெலமங்கலத்திலிருந்து பஸ் கிடைக்காமல் நடந்தே வந்து முன்வரிசையில் இடம் பிடித்த பெரியோர்களே, மடியில் பிள்ளையும் காலடியில் சோற்றுப் போசியுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, முதல் ஷிஃப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே, ஒசூரில் முப்பத்திரண்டு ஆண்டு சாக்பீஸ் பிடித்த இந்தக் கிழட்டு வாத்தியாரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

என்னை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். எதை வாழ்த்துவது? அகலமான சாலையையா? அகலம்தான். லாரி போகிறது, லாரி நிற்கிறது, லாரி தூங்குகிறது. மனிதன் போக இடமுண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.

யாரது பின்னால், மூர்த்தியா? "சத்தமா பேசுங்க சார்" என்கிறான். வகுப்பில் நான் சத்தமாகப் பேசியபோதெல்லாம் தூங்கியவன் இவன். இன்று விழித்திருக்கிறாய், சந்தோஷமப்பா. கேள்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். நம் ஊரில் முதல் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? ஆறு. முதல் டவுன் பஸ் எத்தனை மணிக்கு? ஆறேகால். இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால்கூடச் சிரிக்குமே! கம்பெனி பஸ் வருகிறதே என்பீர்கள். வருகிறது. பாதி சீட் காலியாக வருகிறது. ஆனால் அது நிரந்தரத் தொழிலாளிக்கு. டெம்பரரிக்கு? சைக்கிள். ஆறு அடித்து இரண்டு நிமிடம் போனால் கேட் மூடிவிடும். ஆகவே மிதி, மழையானாலும் மிதி, பனியானாலும் மிதி.

அந்த மிதிக்கிறவர்களுக்காக இந்தச் சாலையின் வரைபடத்தில் ஓரமாக ஏழடி ஒதுக்கியிருந்தார்கள். ஏழே அடி. சைக்கிள் பாதை. போடுமுன் எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணவேண்டும் என்றார்கள். எண்ணுவதற்கு ஊர் நம்பும் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். யார் கிடைத்தார்? நான் கிடைத்தேன்.

போன வருடம் மாசி மாதம். ரயில்பாதை மேட்டடியில் ஒரு புளியமரம், அதன் நிழலில் ஒரு நாற்காலி, என் கையில் ஒரு நோட்டு. பக்கத்தில் சர்வேயர் நாராயணப்பன். பத்து மணிக்கு உட்கார்ந்தோம், ஐந்து மணிக்கு எழுந்தோம். பத்து மணிக்கு மணியடித்தால்தான் உலகம் விழிக்கும் என்று வாழ்நாளெல்லாம் நம்பிய வாத்தியார் நான். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவன் ஐந்தரைக்கே அந்த மேட்டைக் கடந்துவிடுவான் என்று எனக்குத் தோன்றவில்லையே! இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஒன்றேகாலுக்கு வந்தார்கள். அப்போது நமக்குச் சாப்பாட்டு நேரம்.

அதிலும் ஒன்று கேளுங்கள். அந்த மேட்டில் யாராவது சைக்கிளை மிதித்து ஏறுவதுண்டா? எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவோம், அதுதானே வழக்கம்? நாராயணப்பன் சொன்னார், ஏறி ஓட்டினால்தான் சைக்கிளாம், தள்ளிக்கொண்டு போனால் பாதசாரியாம், விதி அப்படியாம். நான் தயங்கினேன். அவர் கன்னடத்தில் சிரித்தார். "ஹோகலி பிடி மேஷ்ட்ரே, விடுங்க, எழுதிக்கிட்டுப் போங்க."

எழுதினேன். மூன்று நாளில் நாற்பத்தொரு சைக்கிள். அடியில் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

நாற்பத்தொரு சைக்கிளுக்கு ஏழடி எதற்கு? வரைபடத்திலிருந்து அடித்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு முன்பே அந்த ஓரம் லாரிகள் நிற்குமிடம் ஆயிற்று.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார், சுருக்கமாகப் பேசச் சொல்லி. ஐயா, ஏழடியை ஒன்றுமில்லாமல் சுருக்கியது போதும். இதையாவது முழுதாகச் சொல்ல விடுங்கள்.

ஐப்பசி மழையில் ஒரு விடியல். தில்ஷாத் என்று ஒரு பெண், பத்தொன்பது வயது. கடிகாரத்துக்குக் கடுகளவு திருகாணி முடுக்கும் வேலை, டெம்பரரி. சைக்கிளில் வருகிறாள். ஓரமெல்லாம் லாரி. விலகி நடுவே வருகிறாள். பின்னால் கம்பெனி பஸ். அவளுடைய கம்பெனியின் பஸ். சறுக்கி விழுந்தவளின் வலது கையில் ஏறிவிட்டது. கேளுங்கள் மக்களே, அந்தப் பஸ்ஸுக்குள் அவளுக்கு இடமில்லை. அதன் சக்கரத்தடியில் இடமிருந்தது!

உயிர் பிழைத்தாள். மூன்று விரல் போயிற்று. விரலோடு வேலையும் போயிற்று.

பார்க்கப் போனேன். அவள் தாய் ரஹமத் பீவி டீ கொடுத்தார், ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தில்ஷாத்தான் கேட்டாள்.

"சார், அன்னிக்குப் புளியமரத்தடியில உக்காந்து எழுதினீங்களே, அதுல நான் இருக்கேனா?"

இருக்கிறாய் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு நினைவிருந்தது. மூன்றாம் நாள், மதியம், இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகிற நேரம், என் மடியில் டிபன் பாக்ஸ். மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள், "வணக்கம் சார்" என்றாள். நானும் வணக்கம் சொன்னேன். வணக்கத்துக்கு வணக்கம் வைக்கத் தெரிந்தவனுக்கு நோட்டில் ஒரு கோடு போடத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏன் இதை இந்த மேடையில் சொல்கிறேன்? தொழிற்பேட்டையிலிருந்து மாநில எல்லை வரை அடுத்த பகுதி போடப் போகிறார்கள். அங்கே சைக்கிள் பாதை உண்டா என்று கேட்டேன். "ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது, வாத்தியார் கையெழுத்து இருக்கிறது" என்கிறார்கள். என் கையெழுத்து! இன்னும் எத்தனை கைமீது அது ஏறவேண்டும்?

தலைவர் அவர்களே, இதோ என் கடிதம். அந்தக் கணக்கு பொய், அதில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். இத்தனை பேர் முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்குகிறீர்களே. பரவாயில்லை, மேசைமேல் வைக்கிறேன்.

கூடவே இன்னொரு தாள். போன திங்கட்கிழமை அதே மரத்தடியில் உட்கார்ந்தேன். காலை ஐந்து முதல் ஆறு வரை, ஒரே ஒரு மணி நேரம். மிதித்தவர்களையும் எண்ணினேன், தள்ளியவர்களையும் எண்ணினேன். ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு சைக்கிள்.

கை தட்டாதீர்கள். இது தட்ட வேண்டிய கணக்கல்ல. சரியான நேரத்தில், சரியான இடத்தில், சரியாக எண்ண நான் கற்றுக்கொண்ட அன்று, அந்த மேட்டில் தில்ஷாத் வரவில்லை.

இவ்வளவு நேரம் நின்று கேட்ட உங்களுக்கு நன்றி. ஓரம் இல்லாத சாலையில்தான் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும், பார்த்துப் போங்கள். வணக்கம்.