பந்து பட்ட பாட்டு

தலைமை வகிக்கும் பதுளைத் துணிக்கடை முதலாளி சுந்தரலிங்கம் ஐயா அவர்களே! எல்லே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் வீராங்கனை பெரியாயி அக்கா அவர்களே! தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! லயத்து வீட்டுக் கூரையில் ஏறியிருக்கும் பெரியோர்களே (இறங்கிவிடுங்கள், தகரம் தாங்காது)! வணக்கம்.

பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடுபவர் மேல் அது பட்டால் ஆட்டம் போச்சு. அதுதான் எல்லே. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பசறையில் இறுதியாட்டம். கடைசிக் கம்பத்துக்கு இரண்டே எட்டு. பறந்து வந்த பந்து அக்கா மேல் பட்டதா? பட்டது என்றார் நடுவர். படவில்லை என்றது தோட்டம். யார் அந்த நடுவர்? இதோ, மாலையோடு அமர்ந்திருக்கும் நம் தலைவர்!

(கூச்சல் வேண்டாம். இன்னும் இருக்கிறது.)

அன்று முதல் அவர் கடையில் ஒரு கைக்குட்டை வாங்கினோமா? கல்யாணச் சேலைக்கும் பண்டாரவளைக்கு அல்லவா பஸ் ஏறினோம்! அக்கா அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையை வாசிகசாலையில் கண்ணாடிக்குள் மாட்டினோம். முதுகில் ஒரு மண் துளி உண்டா? வகுப்பில் எதற்கும் ஆதாரம் கேட்கிற டீச்சர் நானே அந்தச் சட்டை முன் தலை குனிந்தேன்.

இந்த ஆண்டு அணிக்குப் பாட்டெழுத நம் இளைஞர்கள் ஜெயரூபனும் தாஸிமும் அக்காவின் உதவியை நாடினார்கள். முதல் வரியைப் பாடிக் காட்டினார்கள்: “படவில்லை, படவில்லை, பந்து படவில்லை!”

“தாளம் சரிதான் தம்பி. ஆனா பட்டுச்சே.”

“என்னக்கா சொல்றீங்க?”

“முதுகுல பட்டுச்சு. மூணு நாள் குப்புறத்தான் படுத்தேன்.”

“அப்ப அந்தச் சட்டை?”

“துவைச்சேன்ல!”

துவைத்தார்! சட்டையைத் துவைப்பார்கள் என்று இந்த மலையில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

“இத்தன வருஷமா ஏங்க்கா சொல்லல?”

“என்னை யாரு கேட்டா? எல்லாரும் படலைன்னு எனக்குத்தானே சொன்னாங்க! பேச்சுன்னா போயிரும், பாட்டுன்னா நின்னுரும். அந்த நடுவர் மனுசனை மேடையில உக்கார வச்சு உள்ளதப் பாடுங்க. இல்லாட்டி என் பேரு வேணாம்.”

அன்பர்களே! படாததைப் பாடினால் அது பாட்டா? பட்டதைப் பாடுவதல்லவா பாட்டு! தோற்றதைத் தோற்றோம் என்று சொல்லும் தோட்டத்தைத் தோற்கடிக்க யாரால் முடியும்?

(ஹல்துமுல்லை அணியாலா? அது வேறு விஷயம்.)

எல்லோரும் பாடுங்கள்: “பட்டுச்சு! பட்டுச்சு! முதுகுல பட்டுச்சு!”

என்ன தலைவர் ஐயா? மைக் வேண்டுமா? இந்தாருங்கள்.

“உண்மையைச் சொல்லிர்றேன் டீச்சர். அன்னைக்கு நான் கண்ணாடி போடல. சத்தம் கேட்டுச்சு, கையைத் தூக்கிட்டேன்.”

அமைதி! அமைதி! பண்டாரவளை பஸ்ஸுக்கு ஓடாதீர்கள்!

கண்ணாடி இல்லாமல் சரியாகச் சொன்ன தலைவருக்கும், கண்ணாடிக்குள் இருந்து பொய் சொன்ன சட்டைக்கும், அதைத் துவைத்த கைகளுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.