பெனடிக்றிடம் விட்டுப்போன வேலை

படகில் சமைக்கிறவன் உப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் போடவேண்டும். கடற்காற்றே பாதி உப்பை நாக்கில் தடவிவிடும். பெனடிக்றுக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவன் கேட்கவில்லை. அப்படியிருந்தும் படகின் சொந்தக்காரி சிஞ்ஞோராவுக்கு அவன் சமையல்தான் பிடித்துப்போனது.

ஐயா, பலெர்மோவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊருக்குப் போகிறவன் தன் வேலையை நம்பிக்கையான ஒருவனிடம் விட்டுப் போவான். திரும்பி வந்ததும் மற்றவன் மறுபேச்சில்லாமல் விலகிக்கொள்வான். எழுத்து, சாட்சி எதுவும் கிடையாது. தங்கச்சியின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போன இரண்டு மாதத்துக்குத்தான் மன்னார்க்காரனான பெனடிக்றை அந்தப் படகில் விட்டேன். வந்து கேட்டபோது, "நான் என்ன செய்ய அண்ணை? சிஞ்ஞோரா என்னைத்தான் நிக்கச் சொல்லுறா," என்றான். வேலை இல்லையென்றால் பெர்மெசோவை, அதுதான் இங்கே இருக்கிற அனுமதியை, புதுப்பிக்க முடியாது. இத்தாலியில் பதினாறு வருடம் இருந்த பிறகு நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உஸ்திக்காத் தீவுப் பயணத்துக்கு விருந்தினர் அதிகம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். இதுதான் கடைசித் தடவை என்று சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுசி.

தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள். பெனடிக்ற் கடலில் குதித்தான். கடலிலிருந்து படகுக்கு ஏறுகிற ஏணி சும்மா தொங்குவது எனக்குப் பிடிக்காது. மேலே தூக்கி வைத்தேன்.

"அண்ணை, ஏணியை விடுங்கோ. களைச்சுப் போனன்."

"பொறு தம்பி, வாறன்."

ஒன்பது பேர் சாப்பிட்ட தட்டுகள் கிடந்தன. அவன் நங்கூரச் சங்கிலிப் பக்கம் நீந்திப் பார்த்தான், நீரோட்டம் விடவில்லை. பிறகு படகில் கையால் தட்டினான். ஜெனரேற்றர்ச் சத்தத்தில் அது உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. வழக்கமாக நான் கிளாஸ்களைத் துடைப்பதில்லை, கவிழ்த்து வைப்பதோடு சரி. அன்றைக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். தட்டுகிற சத்தம் நின்று கொஞ்ச நேரத்துக்குப் பிறகு போய் ஏணியை இறக்கினேன். வாறன் என்று சொன்னேன், போனேன். அவன்தான் பொறுக்கவில்லை.

வேணுமென்றுதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சில காலம் உள்ளே இருக்க வேண்டி வரும், தெரியும். அதுவரை சிஞ்ஞோரா சமையலுக்கு ஆளில்லாமல் கஷ்டப்படக் கூடாது. நேற்றே எங்கள் ஆட்களில் ஒருவனான விதுரனைக் கூப்பிட்டுக் கதைத்துவிட்டேன். நான் வந்ததும் வேலையைத் திருப்பித் தரவேண்டும் என்றேன். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை," என்றான். குரல் கொஞ்சம் நடுங்கியது. மரியாதை தெரிந்த ஆள்.