பந்தைத் தொடாத பிள்ளை

ஞாயிறு காலை, லண்டனில் முருகன் கோயில் பக்கமுள்ள ஆர்ச்வேக்குப் போகும் ரயில். எனக்கு எதிரே இரண்டு பெண்கள். அவர்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டு போகச் சில்லு வைத்த ஒரு கடைப்பை.

“என்ரை மகன் பந்தைத் தொடவேயில்லை அக்கா. ஆனா கப் எங்களுக்குத்தான்!”

இளையவள் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“தொடாமல் என்னெண்டு வெல்லுறது?” என்றாள் மூத்தவள்.

“இது அமெரிக்கன் புட்போல். ஒருத்தன் பந்தோடை ஓட, இவன் முன்னுக்கு நிண்டு மற்றப் பக்கத்துப் பெடியளை மறிச்சு விழுத்தோணும். நாலைஞ்சு நாட்டுப் பெடியள் வந்தவங்கள். கடைசி மட்ச் ஜெர்மனியோடை. நாங்கள் முந்தி இருந்த நாடு! இவன் விழுத்தின விழுத்தில எங்கடை பெடியன் ஓடவேயில்லை, பந்தோடை நடந்தெல்லோ போனவன்!”

“முருகா! அப்ப உன்ரை நேர்த்தி?”

“அதுதான் பிழையாப் போச்சு. விளையாட்டு விளங்காமல், அவன் பந்தைத் தொடுற ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்ந்துபோட்டன்.”

“அப்ப ஒண்டும் உடைக்கத் தேவையில்லை.”

“வெறுங்கையோடை முருகனிட்டைப் போக ஏலுமே? அவன் விழுத்தின ஒவ்வொரு பெடியனுக்கும் ஒண்டு கொண்டுவந்திருக்கிறன். அதுகளும் தாய்மார் பெத்த பிள்ளையள்தானே. நோ நொடியில்லாமல் இருக்கட்டும்.”

ஆர்ச்வேயில் கதவு திறந்தது. சில்லு இருந்தும் அந்தப் பையை ஒருத்தியால் அசைக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சிரித்துச் சிரித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.