உமிக்கு வந்தவன்

இந்த லாக்கப்பில் எறும்புதான் கொஞ்சம் அதிகம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐயா. கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அடிக்க வேண்டிய அவசியம் வராது.

என் பெயர் குழந்தைவேலு. ராசிபுரத்துக்குத் தெற்கே சரவணமுத்து முதலாளியின் அரிசி ஆலையில் மேஸ்திரி. ஆள் வைப்பது, நிறுத்துவது, கூலி கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. சென்றாயனை வேலைக்கு வைத்ததும் நான்தான். நல்ல உழைப்பாளி. அவன் பெண்சாதி மாரக்காள் எங்கள் களத்தில் நெல் காயவைப்பாள்.

அன்று காலை எஞ்சின் பெல்ட் அவன் கையை இழுத்துக்கொண்டது. பெல்ட்டுக்குக் கம்பிக்கூண்டு போடச் சொல்லி சர்க்கார் ஆள் வந்து சொல்லியிருந்தார். நாங்கள் போடவில்லை. எஞ்சினை நிறுத்தி அவனை எடுத்தபோது முழங்கைக்குக் கீழே ஒன்றும் சரியாக இல்லை. துண்டால் இறுக்கிக் கட்டினோம். நினைவு தெளிவாக இருந்தது.

முதலாளி இளகிய மனசுக்காரர். ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. என்னைத் தனியாக அழைத்தார்.

"இவன் நம்ம ஆளுதானா, மேஸ்திரி?"

வருஷக்கணக்காகத் தினமும் அவனைப் பார்த்தவர் அப்படிக் கேட்டார். எனக்குப் புரிந்தது.

"இல்லீங்க. உமி வாங்க வந்தவனுங்க."

"செரி. நீயே பாத்துக்க."

ஐயாவுக்குத் தெரியாததல்ல. ஆலையில் வேலைக்கு வைத்தவன் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கூண்டு ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். உமிக்கு வந்தவன் அடிபட்டால் அது அவன் கவனக்குறைவு. கூலிக்காரி மாரக்காள் என்ன சொன்னாலும் முதலாளி பேச்சுக்கு முன்னால் எடுபடாது. அடிபட்டவனே டாக்டரிடம் சொன்னால் அது வேறு.

ஆஸ்பத்திரிக்கு நானே மாட்டுவண்டியை ஓட்டினேன். பாதி வழியில், ஓடைக்கரைப் புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சு?" என்றாள் மாரக்காள். அவன் தலை அவள் மடியில் இருந்தது.

"மாடு களைச்சுப்போச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

மாடுகள் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. சென்றாயன் கண்ணைத் திறந்தான்.

"நான் பொறுத்துக்கறனுங்க மேஸ்திரி. ஆசுபத்திரில கேட்டா, இன்ன ஆலையில வேல, பெல்ட்டுல மாட்டிக்கிட்டேன்னு நானே வெவரமாச் சொல்லிப்போடறேன். உங்களுக்குச் செரமம் வேண்டாமுங்க."

அதுவரை எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அவன் அப்படிச் சொன்னதும் இறங்கி மாடுகளை அவிழ்த்துவிட்டேன்.

மாரக்காள் அவன் தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கீழே குதித்தாள். "நானே இழுக்கறனுங்க" என்று நுகத்தடியைத் தூக்கி மாரில் வைத்துக்கொண்டாள். வண்டி அசைந்தது. அவ்வளவு பலம் அவளிடம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை எடுத்து வைத்தேன். பள்ளத்தில் உருண்டால் அவளுக்கும் அடிபடும் என்றுதான்.

அவள் என் காலைப் பிடித்தாள். மாடுகள் இளைப்பாறட்டும் என்று திரும்பவும் சொன்னேன். கத்திப் பார்த்தாள். அந்தப் பாதையில் யாரும் வரவில்லை. சென்றாயன் முதலில் தண்ணீர் கேட்டான், ஓடையில் இல்லை. பிறகு அவள் பெயரைச் சொன்னான். பிறகு உதடு மட்டும் அசைந்தது. அதுவும் நின்ற பிறகு மாடுகளைப் பூட்டினேன்.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். உமிக்கு வந்தவன், ஆள் இன்னாரென்று தெரியாது என்றேன். மாரக்காள் அலறினாள். துக்கத்தில் உளறுகிறாள் என்றேன். அவள் அங்கிருந்து நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வண்டியை நிறுத்தியது நான்தான், ஐயா. சென்றாயன் சாகட்டும் என்றுதான் நிறுத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாளியை விசாரித்ததாகச் சொன்னீர்கள். "குழந்தைவேலு ஆலைக்கு வந்துபோகும் நெல் தரகர், என்னிடம் சம்பளம் வாங்குகிறவரில்லை, அவர் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று என்னைப் பற்றிச் சொன்னாராம். வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார். கோர்ட்டு விவகாரத்தில் அப்படித்தான் பேச வேண்டும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று மட்டும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். இந்நேரம் முதலாளி எனக்கு வண்டி அனுப்பியிருப்பார்.