கழுவாத கறி

நிஜாம் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாலாகுடா கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றிருந்தார்கள். இருவர் வீட்டுக்காரர்களுக்கும் ரயில்வே பட்டறையில் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

"மூணு வாரமா கட்லெட்டைக் கரண்டியால அள்ளித்தான் தின்னோம்க்கா," என்றாள் இளையவள்.

"உதிர்ந்து போச்சா?"

"எண்ணெயில போட்டதும் பிரிஞ்சிடுது. இவரு வேற, எங்க வீட்லயும் கட்லெட் செய்வாங்கன்னு ஃபோர்மேன் துரைகிட்ட சொல்லிட்டாரு. துரை இன்னிக்குச் சாயங்காலம் சாப்பிட வர்றாரு."

"உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள் சேர்த்தியா?"

"முட்டைகூடச் சேர்த்தேன்."

"கறியை என்ன பண்ணுவே?"

"இங்கேயே கொத்தி வாங்கிட்டுப் போய், நாலு தண்ணி விட்டுக் கழுவுவேன்."

"கொத்தின கறியையா கழுவுனே? அவ்வளவு தண்ணியும் குடிச்சா அது எப்படிடி பிடிக்கும்?"

"கழுவாத கறி என் அடுப்புல ஏறாதுக்கா. துரைக்காகவும் ஏறாது."

"அப்போ துரைக்கு ஒரு கரண்டி எடுத்து வை."

இளையவள் முறை வந்ததும் கடைக்காரர் கறியை நிறுத்து, கொத்தக் கத்தியை எடுத்தார்.

"கொத்துறது நக்கோ பாய். துண்டாவே குடுங்க."

"கைக்கு?" என்று உருதுவில் காரணம் கேட்டார் அவர்.

"கழுவிட்டு வர்றேன். அப்புறம் கொத்திக் குடுங்க."

தெருக்குழாயில் கறியை நாலு முறை அலசினாள். பையிலிருந்த துணியால் ஈரம் போக ஒற்றினாள். பிறகு திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள்.