கையில் மட்டும் கொடுக்க வேண்டிய கவர்

சாட்சி: இஸ்திரிக்காரர், பெண், வயது ஐம்பத்தொன்று, கணவர் இல்லை. இருப்பிடம்: சம்பவம் நடந்த நான்கு மாடிக் குடியிருப்பின் பின்புறம், மோட்டார் அறையை ஒட்டிய அறை. காவல் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, அதே கட்டிடத்தின் படிக்கட்டுக்குக் கீழே மேசை போட்டுத் துணி தேய்த்துப் பிழைத்து வருகிறேன். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, இஸ்திரி அக்கா என்றால்தான் தெரியும். இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. தபால்காரரும் கூரியர்காரரும் படியேறச் சோம்பல்பட்டு எல்லாக் கவரையும் என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். இது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அல்ல. பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை என்று குடியிருப்போர் கூடிப் பேசித்தான் என் தலையில் கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு வரும் கவரை அந்த வீட்டுத் துணியின் மடிப்பில் வைத்து, மூட்டையாகக் கட்டி, அவரவர் கம்பிக்கதவில் மாட்டிவிட்டு வருவேன். இதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூடத் தொலைந்ததில்லை.

மூன்றாம் மாடியில் இடதுபக்க வீட்டில் இருப்பவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். தெருவில் வண்டியை நூறு தடவை நிறுத்திவிடுகிறவர்களிடம்கூடப் பொறுமையாகப் பேசுவார். அந்தப் பொறுமை படியேறும்போதே தீர்ந்துவிடும் போலிருக்கிறது. மூன்றாம் மாடிச் சத்தம் கீழே என் மேசை வரை கேட்கும். கேட்டும் கேளாத மாதிரி இருப்பதில் எங்கள் கட்டிடத்தார் கெட்டிக்காரர்கள், நானும் சேர்த்துத்தான்.

போன மாதம் தங்கச்சி ஆள் இல்லாத நேரம் பார்த்து என் மேசைக்கு வந்து, தன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு கேட்டிருப்பதாகச் சொன்னாள். சம்பளம் விழும் கணக்கின் கார்டு கணவரிடம் இருப்பதாகவும், பஸ்ஸுக்குக்கூட அவரிடம் கையேந்த வேண்டியிருப்பதாகவும், இது கைக்கு வந்தால் வெளியூரில் இருக்கும் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன் என்றும் சொன்னாள். "பேங்க்ல, கடை விலாசத்துக்கு அனுப்புங்கன்னு கெஞ்சிப் பாத்தேங்க்கா. வீட்டுக்குத்தான் அனுப்புவோம், அதுதான் பாதுகாப்புன்னுட்டாங்க. கவர் வந்தா என் கையில மட்டும் குடுங்க" என்றாள். நான் சரி என்றேன்.

கடந்த வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் கூரியர்காரர் அந்தக் கவரைக் கொண்டுவந்தார். உரியவரிடமே கொடுக்க வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. நானும் படித்தேன். "இதெல்லாம் சும்மா போடுறதுதான்க்கா, நீங்களே வாங்கிக்குங்க" என்று அவர் சொன்னதன் பேரில் கையெழுத்துப் போட்டேன். தங்கச்சி வர இருட்டிவிடும். நான் கரி வாங்க மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது, மேசைக்குப் பூட்டு இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு போனால் கூட்டத்தில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். அதனால், ஆண்பிள்ளை கை வைக்காத இடம் என்று நினைத்து, அவளுடைய கடைச் சீருடைக் கோட்டின் மடிப்புக்குள் கவரை வைத்து, மூட்டையில் இரண்டு முடிச்சுப் போட்டு, மூன்றாம் மாடி ஏறி நானே கம்பிக்கதவில் மாட்டினேன். அவள் கணவரின் வெள்ளைச் சட்டையும் அதே மூட்டையில் இருந்தது. வீட்டுக்கு ஒரு மூட்டை என்பது எங்கள் தொழில் முறை. அதை அன்றைக்கு ஒரு நாள் மாற்ற எனக்குப் புத்தி வரவில்லை. அவர் என்றும் இரவில்தான் வருவார், அன்று சீக்கிரம் வந்துவிட்டார்.

நான் இருட்டிய பிறகு கரி மூட்டையோடு திரும்பியபோது இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தங்கச்சி விழுந்த இடத்தில் தலையில் ரத்தத்தோடு கிடந்தாள். பக்கத்தில் நான் தேய்த்த துணிகள் சிதறிக் கிடந்தன. "மூட்டையத் தூக்கிட்டு ஏறி வந்தா, கால் இடறிடுச்சு" என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கண் திறந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கையிலதானேக்கா குடுக்கச் சொன்னேன்" என்றாள்.

அதன் பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தேன். நான் அன்று மதியம் தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். நான் வைத்த மடிப்புக்கோடு முதுகில் அப்படியே இருந்தது. மூட்டையைக் கட்டியது நான், கதவில் மாட்டியது நான். அதை அவர் மேலே பிரித்துச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகு, அதே மூட்டையைக் கீழேயிருந்து தங்கச்சி எப்படித் தூக்கிக்கொண்டு ஏறுவாள்? ஆம்புலன்ஸ் போன பின் துணிகளைப் பொறுக்கினேன். கோட்டின் மடிப்பில் கவர் இல்லை.

மறுநாள் காலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்தார். "மாட்டிட்டு வந்தேன்னு வாயத் தொறக்காத. அந்தப் பொண்ணு உன்கிட்ட வாங்கிட்டுப் போச்சுன்னு சொல்லு. இல்லன்னா அடுத்தவங்க தபாலுக்குக் கையெழுத்துப் போட்டது உன் தலையிலதான் விடியும். அப்புறம் மேசை போட இடம் கேட்டு வராத" என்றார். அவர் கெட்ட மனுஷர் அல்ல, கட்டிடத்தின் பெயர் கெடக் கூடாது என்பவர். அன்று நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போடவில்லை. மேசை போனால் போகட்டும் என்று தீர்மானித்து இங்கே வந்தேன். கையெழுத்துப் போட்டதும் மாட்டியதும் நான்தான். அதற்கு என்ன உண்டோ செய்யுங்கள்.

தங்கச்சியும் தவறி விழுந்ததாகவே தங்களிடம் சொன்னாள் என்று அறிகிறேன். அவள் சொன்னபோது அவள் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதே தங்கச்சி நர்ஸின் போனை வாங்கி அந்தக் கார்டை முடக்கியிருக்கிறாள். நான் பார்க்கப் போனபோது இதை நர்ஸே என்னிடம் சொன்னார், அவரையும் விசாரிக்கலாம். புதிய கார்டு வீட்டு விலாசத்துக்கே வரும் என்று வங்கியில் சொன்னார்களாம். இந்த முறை நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் போடாவிட்டால் கூரியர்காரர் படியேறுவார், கதவைத் திறப்பவர் அவள் கணவராகத்தான் இருப்பார். நாளை மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் அவர் இல்லாமல் அவளைத் தனியாக ஒரு தடவை விசாரிக்கும்படி அய்யாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். "தவறி விழுந்த இடத்தில்" என்று என் வாயில் வராத ஒரு வார்த்தை இருந்தது. "தவறி" என்பதை அடிக்கச் சொன்னேன். எழுத்தர் அய்யா தயங்கிவிட்டு அடித்தார். அடித்தது போக மிச்சமிருப்பது முழுவதும் நான் சொன்னது, உண்மை. அடித்தல் ஒன்று. அதன் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
இஸ்திரிக்காரர்