சின்னானைக் காணேல்லை

யோகலிங்கம்: இன்னும் கிண்டவோ?

சுகந்தினி: பூனைக்குத்தானே கிண்டுறியள். கிணறே வெட்டுறியள்?

யோகலிங்கம்: மேலோட்டமாத் தாட்டால் நாய் கிளறிப்போடும். ரெண்டடியாவது வேணும். மண்ணெண்டால் கல்லு. மண்வெட்டி துள்ளுது.

சுகந்தினி: மெதுவாக் கதையுங்கோ.

யோகலிங்கம்: ஆர் கேக்கிறது? வேலிக்கு அங்காலை பத்மாசனி அக்கா ஒராள்தான். அவாவும் வவுனியாவிலை.

சுகந்தினி: வவுனியாவிலை இல்லையப்பா, பஸ்ஸிலை. ஒரு மணிக்கு ஏறிட்டன் எண்டு போன் எடுத்தவா. இப்ப கனகராயன்குளம் தாண்டியிருக்கும்.

யோகலிங்கம்: கண் எப்பிடியாம்?

சுகந்தினி: ஒப்பரேசன் நல்லாச் செய்திருக்காம். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருக்காம். தண்ணி படக்கூடாது, குனியக்கூடாது, அழக்கூடாது எண்டு டொக்டர் சொல்லி விட்டவராம்.

யோகலிங்கம்: அழக்கூடாதோ...

சுகந்தினி: ஓம். சொல்லிச் சிரிச்சவா. "நான் எதுக்கடி அழப்போறன், சின்னான் சாப்பிட்டவனோ" எண்டு கேட்டவா.

யோகலிங்கம்: நீ என்ன சொன்னனி?

சுகந்தினி: சாப்பிட்டவன் எண்டன்.

யோகலிங்கம்: எப்ப?

சுகந்தினி: நேற்று. நேற்றுச் சாப்பிட்டவன்தானே... பொய்யில்லை.

யோகலிங்கம்: நல்ல கதை. அந்த உரப்பையை இஞ்சாலை தா.

சுகந்தினி: உரப்பையிலையோ போடப்போறியள்? வேண்டாம். நான் என்ரை சோட்டியைக் கிழிச்சுச் சுத்தி வைச்சிருக்கிறன்.

யோகலிங்கம்: எந்தச் சோட்டி?

சுகந்தினி: நீலப் பூப் போட்டது.

யோகலிங்கம்: அது புதுசெல்லே?

சுகந்தினி: உங்களுக்கு என்ரை உடுப்பெல்லாம் தெரியுதே இப்ப? கிண்டுங்கோ.

யோகலிங்கம்: ஒருக்கா முகத்தைத் திறந்து விடு. பாத்திட்டுத் தாறன்.

சுகந்தினி: விடியப் பாத்தனீங்கள்தானே.

யோகலிங்கம்: அப்ப இருட்டு.

சுகந்தினி: வேண்டாம். சும்மா மனம் குழம்பும். உங்களுக்கெதுக்கு முகம்? உங்களுக்குப் பூனையே பிடிக்காதே.

யோகலிங்கம்: ஆர் சொன்னது?

சுகந்தினி: நீங்கள்தான். நாலு வருசமாச் சொல்லுறியள். "அந்த அக்கான்ரை பூனையை வாசலோடை நிப்பாட்டு, குசினிக்குள்ளை விடாதை" எண்டு. அப்பிடிச் சொன்ன மனிசன், என்ரை சட்டியிலை இருந்து கருவாட்டுத் தலையை ஏன் களவெடுத்தனீங்கள்?

யோகலிங்கம்: களவில்லை. சம்பளம்.

சுகந்தினி: என்ன சம்பளம்?

யோகலிங்கம்: மனேச்சருக்கு.

சுகந்தினி: ஆர் மனேச்சர்?

யோகலிங்கம்: அவன்தான். லான்மாஸ்டர் மிசினிலை உழவுக்குப் போகேக்கை பின் பெட்டிக்குள்ளை ஏறிக் குந்திக்கொண்டு வருவான். நான் சேத்துக்குள்ளை நிண்டு மாயுவன், அவன் வரம்பிலை இருந்து பாப்பான். பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தால் முதல் ஆளா வந்து நிப்பான். மனேச்சர் இல்லாமல் வேறை என்ன?

சுகந்தினி: நாலு வருசமா எனக்கு இது தெரியாது.

யோகலிங்கம்: சொன்னால் சிரிப்பாய்.

சுகந்தினி: இப்ப சிரிக்கேல்லைத்தானே.

யோகலிங்கம்: சரி, விடு.

சுகந்தினி: மண்வெட்டியை ஏன் போட்டுட்டியள்? எங்கை போறியள்?

யோகலிங்கம்: ஒரு இடமும் இல்லை. நிக்கேலாமல் கிடக்கு. நடந்தால் கொஞ்சம்...

சுகந்தினி: விடிஞ்சதிலை இருந்து நடக்கிறியள். கிணத்தடிக்கும் கொட்டிலுக்கும் எத்தினைதரம்? மத்தியானச் சோறும் தொடேல்லை.

யோகலிங்கம்: நீ சமைச்சனியோ தொட?

சுகந்தினி: ...சமைக்கேல்லை.

யோகலிங்கம்: பாத்தியே. எங்கடை பூனையும் இல்லை. ஆற்றையோ பூனைக்கு எங்கடை வீட்டிலை அடுப்பு எரியேல்லை.

சுகந்தினி: அதை விடுங்கோ. அவா வந்து கேட்டால் என்ன சொல்லுறது? அதைச் சொல்லுங்கோ முதல்லை.

யோகலிங்கம்: நாய் கடிச்சதெண்டு சொல்லுவம்.

சுகந்தினி: எந்த நாய்?

யோகலிங்கம்: கிறகோரி அண்ணை வீட்டு நாய்.

சுகந்தினி: அதுக்குப் பல்லே இல்லையப்பா! பாணைத் தேத்தண்ணியிலை தோய்ச்செல்லே குடுக்கினம். அதோடை, அவா பொல்லையும் தூக்கிக்கொண்டு கிறகோரி அண்ணை வாசலுக்குப் போவா. ஒண்டுமறியாத மனிசன் பேச்சு வாங்கும்.

யோகலிங்கம்: அப்ப பாம்பு.

சுகந்தினி: பாம்பெண்டால், "தம்பி, இந்தப் பத்தையை வெட்டு, அந்தப் பத்தையை வெட்டு" எண்டு தை மாதம் வரைக்கும் உங்களைக் கொண்டு வெட்டுவிப்பா.

யோகலிங்கம்: எல்லாத்துக்கும் ஒரு கதை வைச்சிருக்கிறாய். சரி, காணேல்லை எண்டு சொல்லுவம். பூனைதானே. போகும், வரும். நாலு நாளாலை மனம் ஆறிப்போம்...

சுகந்தினி: அவாவிட்டையோ? அந்தச் சொல்லையோ?

யோகலிங்கம்: ஏன்...

சுகந்தினி: பதினாறு வருசமாத் தவராசா அண்ணையின்ரை படத்தைத் தூக்கிக்கொண்டு கச்சேரி, பொலிஸ் எண்டு ஒவ்வொரு கந்தோரா ஏறி இறங்கின மனிசியிட்டைப் போய்க் காணேல்லை எண்டு சொல்லப்போறியளோ?

யோகலிங்கம்: அது புருசன். இது பூனை.

சுகந்தினி: நடக்கிறது அவான்ரை கால்தானே. பின்னேரம் பின்னேரம் பால் சட்டியோடை வாய்க்கால் கரையிலை நிண்டு "சின்னான், சின்னான்" எண்டு கூப்பிடுவா. எங்கடை குசினிக்குக் கேக்கும். கேட்டுக்கொண்டு சோறு தின்னுவியளோ?

யோகலிங்கம்: அப்ப உள்ளதைச் சொல்லட்டோ? சுதாகரன்ரை வயலை உழவேணும் எண்டு விடியப்புறம் அஞ்சு மணிக்கு அவசரப்பட்டுக் கொட்டிலுக்குப் போனன், டோர்ச்சும் எடுக்கேல்லை, லான்மாஸ்டர் பெல்ட் மூடியும் பூட்டேல்லை...

சுகந்தினி: மூடியைப் பூட்டுங்கோ, பூட்டுங்கோ எண்டு எத்தினை நாள் சொன்னனான்?

யோகலிங்கம்: சொன்னனி. நான் கேக்கேல்லை. கைபிடியைப் போட்டு ஒரு சுத்துச் சுத்தினன், எஞ்சின் பிடிச்சுது. பிடிச்ச உடனை பெல்ட் பக்கமா ஒரு சத்தம்...

சுகந்தினி: காணும்.

யோகலிங்கம்: நிப்பாட்டிப்போட்டு டோர்ச் எடுக்க ஓடினன். திரும்பி வர நீ அவனை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்.

சுகந்தினி: காணும், நிப்பாட்டுங்கோ.

யோகலிங்கம்: நீ எப்பிடி அவ்வளவு கெதியா வந்தனி?

சுகந்தினி: சத்தம் கேட்டது, வந்தனான். இப்ப அதே முக்கியம்? கிண்டின கிடங்கைப் பாருங்கோ.

யோகலிங்கம்: கேட்டனான், அவ்வளவுதான். ஏன் கத்துறாய்?

சுகந்தினி: கத்தேல்லை... உஷ்! றோட்டிலை ஓட்டோ நிக்குது.

யோகலிங்கம்: பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கே...

பத்மாசனி: சுகந்தி! பிள்ளை, படலையைத் திற. ஒத்தைக் கண்ணுக்குக் கொளுக்கி பிடிபடுதில்லை.

சுகந்தினி: வாறன் அக்கா! இஞ்சாருங்கோ, அதைக் கிடங்குக்குள்ளை வையுங்கோ... கெதியா... சாக்காலை மூடுங்கோ!

பத்மாசனி: பரந்தனிலை எங்கடை பக்கத்து ஓட்டோ ஒண்டு நிண்டது. ஏத்திக்கொண்டு வந்திட்டான். என்ன தம்பி, இந்த வெயிலுக்குள்ளை மண்வெட்டியோடை?

யோகலிங்கம்: வாழை... ஒரு வாழைக்குட்டி வைப்பமெண்டு.

பத்மாசனி: மழை விழமுதல் ஆரும் வாழை வைப்பினமோ? வெயில் உனக்குத் தலையிலை அடிச்சிட்டுது. சின்னான் எங்கை?

சுகந்தினி: அக்கா, முதல்லை இந்தக் கதிரையிலை இருங்கோ. தேத்தண்ணி போடுறன்.

பத்மாசனி: வீட்டு வாசலிலை நிண்டு கூப்பிட்டனான், வரேல்லை. ஓட்டோச் சத்தத்துக்கே றோட்டுக்கு ஓடி வாறவன். எங்கை பிள்ளை அவன்?

சுகந்தினி: சீனி போடவோ அக்கா?

பத்மாசனி: தம்பி, நீ சொல்லு. சின்னான் எங்கை?

யோகலிங்கம்: காணேல்லை அக்கா.

சுகந்தினி: இஞ்சாருங்கோ!

பத்மாசனி: எப்ப தொடக்கம்?

யோகலிங்கம்: விடிய... விடியத் தொடக்கம்.

பத்மாசனி: கடைசியா ஆர் கண்டது?

யோகலிங்கம்: அது வந்து...

பத்மாசனி: கடைசியா எந்த இடத்திலை நிண்டவன்? ஆரோடை நிண்டவன்? எத்தினை மணி? நல்லா யோசிச்சு இப்பவே சொல்லு தம்பி. நாள் போனால் மறந்துபோம். நேரத்தை மாத்திச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம். உன்ரை போனிலை படம் இருக்கோ? முகம் தெளிவா விழுந்த படமா எடு. பக்கவாட்டுப் படம் வேண்டாம், அதை எடுக்கமாட்டினம்...

சுகந்தினி: அக்கா, எங்கை எழும்புறியள்? கண் அக்கா, கண்!

பத்மாசனி: கண்ணுக்கு ஒண்டுமில்லை. இந்தப் பையைப் பிடி. நீ கடைப் பக்கம் போ, நான் வாய்க்கால் கரையாலை போறன். வெளிச்சம் இருக்கேக்கை போனால்தான். முதல் நாளிலை தேடாமல் விட்டால் பிறகு...

யோகலிங்கம்: அக்கா நில்லுங்கோ. தேடாதேங்கோ. செத்துப்போனான்.

பத்மாசனி: ஆர் சொன்னது?

யோகலிங்கம்: ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் அக்கா. இருட்டுக்குள்ளை லான்மாஸ்டரை ஸ்டார்ட் பண்ணினன். பெல்ட்டுக்குள்ளை போயிட்டான்.

பத்மாசனி: உன்ரை கண்ணாலை கண்டனியோ?

யோகலிங்கம்: ஓம் அக்கா. கையாலையும் தூக்கினனான்.

பத்மாசனி: அப்ப... உடம்பு இருக்கோ?

யோகலிங்கம்: இருக்கு.

பத்மாசனி: இருக்கோ! எங்கை?

யோகலிங்கம்: இந்தக் கிடங்குக்குள்ளை. வாழைக்கில்லை அக்கா இது...

பத்மாசனி: மண் போட்டுட்டியோ?

யோகலிங்கம்: இல்லை, இன்னும் போடேல்லை.

பத்மாசனி: நல்ல காலம். வெளியாலை எடு. நான் பாக்கவேணும்.

சுகந்தினி: வேண்டாம் அக்கா. கண்ணிலை தண்ணி படக்கூடாதெல்லே...

பத்மாசனி: மற்றக் கண் சும்மாதானே கிடக்கு. அவிழ் பிள்ளை. நீ அவிழ்க்காட்டி நான் குனிவன். குனியவும் கூடாதாம்.

யோகலிங்கம்: விடு சுகந்தி. நான் அவிழ்க்கிறன். இஞ்சை பாருங்கோ அக்கா.

பத்மாசனி: சின்னான்... எடேய் சின்னான். ஓம். இவன்தான். காதிலை அந்த வெட்டு இருக்கு. இவன்தான்.

யோகலிங்கம்: அக்கா, என்னை ரெண்டு ஏச்சாவது ஏசுங்கோ.

பத்மாசனி: ஏசுவன். பொறு. முதல்லை தடவுறன். நல்லாத் துடைச்சுக் கிடக்கு, எண்ணெய் மணம் மட்டும் போகேல்லை. ஆர் துடைச்சது?

யோகலிங்கம்: சுகந்தி. விடியத் தொடக்கம் துடைச்சுக்கொண்டு இருந்தவள்.

பத்மாசனி: நீ ஏன் தம்பி அழுறாய்? என்ரை பூனை. நானே ஒத்தைக் கண்ணாலை அழுறன்.

யோகலிங்கம்: வயலிலை அவனோடை கதைச்சுக்கொண்டுதான் உழுறனான் அக்கா. இனி ஆரோடை...

பத்மாசனி: எனக்குத் தெரியும். பின்னேரம் சேத்துக் காலோடை வருவான். வீட்டுக்குள்ளை சேறு எங்கையிருந்தடா எண்டு கேக்கிறனான்... ஆனா ஒண்டு விளங்கேல்லை. லான்மாஸ்டர் கைபிடியைத் தொட்டாலே பாய்ஞ்சு பெட்டிக்குள்ளை ஏறுறவன். பெல்ட் பக்கம் ஏன் போனவன்? எஞ்சின் சத்தம் கேட்டும் ஏன் ஓடேல்லை?

யோகலிங்கம்: அதைத்தான் அக்கா நானும் விடிஞ்சதிலை இருந்து யோசிக்கிறன். கொட்டில் கதவும் திறந்துதான் கிடந்தது.

பத்மாசனி: சுகந்தி... நீ ஏன் பிள்ளை அங்காலை திரும்பி நிக்கிறாய்?

சுகந்தினி: அவனாலை ஓடேலாது அக்கா. விதைநெல்லை எலி அறுக்குதெண்டு, இரவு லான்மாஸ்டருக்குப் பக்கத்திலை கிடந்த மூட்டையடியிலை நான்தான் அவனைக் கயித்தாலை கட்டி விட்டனான். இவர் டோர்ச் எடுத்துக்கொண்டு வரமுதல் ஓடிப்போய்க் கயித்தை அறுத்தெடுத்தனான்.